பால்சாமி எடுத்த ஏரி

பால்சாமி அண்ணனைப் பற்றி "தெரியாத வேலையில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்" என்று டீக்கடையில் யாராவது பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். தெரியாத வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு குதித்தவர் இல்லை. அளக்காமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காத மனிதர். அளந்து, சரிபார்த்து, மறுபடியும் அளந்துதான் கெட்டார். டீக்கடையில் இதை எத்தனை தரம் சொன்னாலும் விளங்காது என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் மாணிக்கவேல். விருத்தாசலத்தில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். பீங்கான் கம்பெனிகளில் பெட்டி ஏற்றி லாரி ஷெட்டில் இறக்குவது என் பிழைப்பு. பெட்டிக்குள் ப்யூஸ் கேரியர் இருக்கும், கொலு பொம்மை இருக்கும், ஊறுகாய் ஜாடி இருக்கும். எது இருந்தாலும் உடையக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். அப்படி நான் ஏற்றப்போகும் ஒரு கம்பெனியில்தான் பால்சாமி அண்ணன் அச்சு வேலை பார்த்தார். மீசை முளைக்கும் வயதில் உள்ளே போனவர். மதலேனா அண்ணியும் அங்கேதான் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணி கண் எழுத, இவர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க, கடைசியில் பங்குச் சாமியார் முன்னால் போய் நின்றார்கள்.

அச்சு வேலை என்றால் லேசு இல்லை. ஈர மண் காய்ந்து, சூளைக்குள் வெந்து, வெளியே வருவதற்குள் நன்றாகச் சுருங்கிவிடும். எட்டு அங்குலப் பொம்மை வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு வெட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது என்பதற்காக, அச்சுக்காரர்கள் கோடுகளையே பெரிதாகப் போட்ட ஒரு ஸ்கேல் வைத்திருப்பார்கள். அதில் எட்டு என்று போட்டிருக்கும் இடம் நிஜத்தில் ஒன்பது. அதை வைத்து அச்சு வெட்டினால், வெந்து சுருங்கிய பிறகு சாமான் சரியாக எட்டில் வந்து நிற்கும். அண்ணன் தன் கையாலேயே ஒரு பித்தளைப் பட்டையில் அப்படிக் கோடு கிழித்து வைத்திருந்தார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த விவரமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஸ்கேல் என்றால் ஸ்கேல் என்று நினைத்திருந்தேன்.

அந்த வேலையில் தூள் அதிகம். பிளாஸ்டர் தூள், மண் தூள், பளபளப்புப் பூச்சுக்கு அரைக்கிற வெள்ளைக்கல் தூள். சாயங்காலம் அவர் வெளியே வரும்போது புருவம்கூட நரைத்த மாதிரி இருக்கும். முதலில் இருமல் வந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு படியே வேண்டாம், செருப்பு மாட்டக் குனிந்தாலே வாங்கியது. ஒருநாள் என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள படிஞ்சது படிஞ்சதுதான். அத கழுவி எடுக்க முடியாது. இனிமே படியாம பாத்துக்குங்க. அந்த வேலைய உட்டுடுங்க."

"உட்டுட்டு?" என்று அண்ணி கேட்டார்.

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அவரிடம் மட்டும் மாத்திரை இருக்குமா என்ன.

அந்தச் சமயத்தில்தான் ஏரி வந்தது. கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமம். பேரைச் சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள்மேல் தப்பும் இல்லை. அந்த ஊர் ஏரியை யார் குத்தகைக்கு எடுக்கிறார்களோ அவர்கள் மழை முடிந்ததும் மீன்குஞ்சு விடலாம், கோடையில் பிடித்து விற்கலாம். ஏரிக் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் கொளஞ்சிநாதன் என்பவர் கம்பெனிக்கு அகல் விளக்கு வாங்க வந்தபோது, இந்த வருஷம் எடுக்க ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர், காற்று, தூள் இல்லாத இடம். ஏரி கை கொடுத்தால் கம்பெனிப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். கொடுக்காவிட்டால் மறுபடியும் அதே அச்சு அறைதான், ஐம்பது தாண்டிய அச்சுக்காரருக்கு வேறு கதவு கிடையாது. அதை அவரும் அறிவார், அண்ணியும் அறிவார்.

ஊர் இரண்டு நிபந்தனை வைத்தது. ஒன்று, இழுவலை போட்டு ஏரியை வழிக்கக் கூடாது, தண்ணீரில் நிற்கவைக்கும் வலைதான் கட்ட வேண்டும். பொடிமீன் தப்பி ஊருக்கு மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. இரண்டாவது, வைகாசியில் ஊர் சொல்லும் நாளோடு குத்தகை முடியும். அன்றைக்கு ஏரி ஊருக்குத் திறக்கும். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளெல்லாம் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குவார்கள். கையில் அகப்பட்ட மீன் அவரவர்க்கு. எந்த வீட்டிலும் அன்றைக்கு மீன்குழம்பு இல்லாமல் இருக்காது.

"அதுக்கு முன்னாடி உங்க மீனு. அன்னையிலேர்ந்து ஊரு மீனு. அவ்ளோதாங்க, இதுல வில்லங்கம் ஒண்ணும் கெடையாது" என்றார் கொளஞ்சிநாதன்.

அண்ணன் வேலையை விட்டார். காவலுக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று, கம்பெனியில் சூளைக்குச் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த பாவாடையைச் சேர்த்துக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் பக்கம் ஆம்பளைக்கு வைக்கிற சாமி பேர் அது. பாவாடை தனிக்கட்டை. ஏரிக்கரையில் தகரக் கொட்டகை போட்டு அங்கேயே தங்கிக்கொண்டான். அவனும் சூளை பிடித்த கை, மீன் பிடித்த கை இல்லை. மூன்று பேரில் மீனைப் பற்றித் தெரிந்தது எனக்குத்தான் அதிகம், அதாவது குழம்பில் எந்தத் துண்டை எடுப்பது என்று.

ஐப்பசியில் ரோகு, கட்லாக் குஞ்சு விட்டார்கள். அண்ணி தவிடும் புண்ணாக்கும் பிசைந்து பானையில் வைத்துக் கட்டித் தண்ணீரில் இறக்குவார். அண்ணன் கரையைச் சுற்றி நடப்பார். நடக்க நடக்க இருமல் குறைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன். தையில் கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் நடந்தார். ஈஸ்டர் அன்று, உயிர்ப்பு ஞாயிறு பூசையில், வருஷக்கணக்காக வாய் திறக்காதவர், பாடகர் குழுவில் போய் நின்று முழுப் பாட்டையும் பாடினார். அண்ணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதார். நான் இந்துதான், ஆனாலும் அன்றைக்கு மாதா கோயில் வாசலில் நின்று கும்பிட்டேன்.

மீன் பிடிக்கும் காலம் வந்தது. எந்த வலை வாங்குவது என்று விருத்தாசலம் மார்க்கெட்டில் மீன் விற்கும் தங்கம்மாளிடம் கேட்டோம். மீனை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தவரும் அவர்தான். கரையோரம் அகப்பட்ட ஒரு ரோகுவைக் கொண்டுபோய்க் காட்டினோம். அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"அரக்கிலோ இருக்குது. எல்லாம் ஒண்ணா உட்ட குஞ்சுதான? அப்ப முக்காவாசி இந்த சைஸ்ல தான் இருக்கும். எம்பது கண்ணு வலை எடுங்க."

"எம்பதுன்னா?"

"வலையில ஒரு கண்ண இழுத்துப் புடிச்சா முடிச்சுக்கு முடிச்சு எம்பது மில்லி. மீனு வலையப் பாக்காம முட்டும். தல பூரணும், ஒடம்பு பூரக்கூடாது. செவுளு மாட்டிக்கிட்டா முன்னயும் போவாது, பின்னயும் வராது. கண்ணு சின்னதா இருந்தா மூக்க முட்டிட்டுத் திரும்பிடும். பெருசா இருந்தா உருவிக்கினு போயிடும். பத்து மில்லி தப்புனாலும் தப்புதான், பாத்து வாங்குங்க."

பத்து மில்லிகூடத் தப்பக்கூடாது என்றதும் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அளக்கிற வேலையை அவரிடம் கொடுத்தால் அப்படித்தான்.

என் வண்டியில் கடலூர் துறைமுகத்துக்குப் போனோம். வலைக்கடைக்காரர் தர்மராஜ் எண்பது என்று சீட்டு ஒட்டிய ஒரு கட்டை எடுத்துப் போட்டார். கண்ணாடி நரம்பு மாதிரி இழை. அண்ணன் ஒரு கண்ணைப் பிரித்து, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பிடித்து, பித்தளை ஸ்கேலை வைத்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இன்னொரு கண்ணை அளந்தார். கட்டின் அடியிலிருந்து இன்னொன்று.

"எழுவத்தொண்ணு தான் இருக்குது."

"மில்லுலேர்ந்து வர்றதுங்க. மிஷினு போடுற கண்ணு, குறையாது" என்றார் தர்மராஜ்.

"நான் அச்சுக்காரன்யா. தலைமயிரு கனம் தப்புனா கண்ணுல தெரியும். நீயே வந்து பாரு."

தர்மராஜ் எழுந்து வந்து பார்த்தார். ஸ்கேலில் எழுபத்தொன்றுதான் காட்டியது. நானும் எட்டிப் பார்த்தேன், எழுபத்தொன்றுதான். தர்மராஜுக்குக் குழப்பமாகிவிட்டது. வெளியே இரண்டு பேர் கயிறு வாங்க நின்றிருந்தார்கள்.

"எனக்கு எல்லாம் எடைக் கணக்குதாங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அத எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் அடுத்த கட்டைப் பிரித்தார். தொண்ணூறு என்று சீட்டு ஒட்டியிருந்தது. அளந்தார். எண்பதில் கோடு மேல் கோடாக வந்து நின்றது. எனக்குத் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது. படித்தவன், கடை வைத்திருப்பவன், மில்லில் அச்சடித்த சீட்டு எல்லாவற்றையும் ஒரு பித்தளைத் துண்டு தோற்கடித்துவிட்டதே. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

"பாத்தியா மாணிக்கம்? சீட்ட நம்பி வாங்கிட்டு வந்திருந்தா மீனெல்லாம் மூக்க முட்டிட்டுத் திரும்பியிருக்கும். நெலைம என்னா ஆயிருக்கும்!"

"நீங்க உசாருண்ணா" என்றேன்.

வலைக்கு மிதவை கட்டினார். ஈயக்குண்டுக்குப் பதிலாகக் கம்பெனிச் சூளையில் சொல்லிவைத்துப் பீங்கான் குண்டு சுட்டு வாங்கிக் கோர்த்தார். அவ்வளவு அழகான வலையை அந்தப் பக்கத்தில் எவனும் பார்த்திருக்க மாட்டான். லாரி டியூபில் உட்கார்ந்து பாவாடை கைகளால் துழாவிப் போய் வலையை நிறுத்தினான். மறுநாள் விடிந்ததும் எடுத்தோம். சில மீன்கள்தான் மாட்டியிருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் பெரிது. முக்கால் கிலோ, அதற்கு மேலும். வெயிலில் செதில் மின்ன, அண்ணன் ஒன்றைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"தங்கம்மா அரக்கிலோன்னு சொன்னாங்க. நம்ம மீனு எப்புடி வளந்து கெடக்குது பாரு!"

தங்கம்மாளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த நாளும் அதே மாதிரிதான். அதற்கடுத்த வாரமும் அதே. எல்லாம் பெரிய மீன், எல்லாம் கொஞ்சம் மீன். இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். மதகுப் பக்கம் கட்டினார்கள், நடு ஏரியில் கட்டினார்கள், கருவேல மர நிழலில் கட்டினார்கள். கூடை நிறையவே இல்லை. அண்ணியின் முகம்தான் முதலில் வாடியது.

தண்ணீருக்கு அடியில் இருப்பதை மனுஷன் எப்படிப் பார்ப்பான்? வலை எதைக் காட்டுகிறதோ அதைத்தான் ஏரி என்று நம்ப வேண்டியிருக்கிறது. வலையில் பெரிய மீன் மட்டும் வருகிறது. அப்படியானால் ஏரியில் பெரிய மீன் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் சொற்பம்தான். அப்போ நாங்கள் விட்ட மற்ற மீனெல்லாம் எங்கே? நாங்கள் மூன்று பேரும் இப்படித்தான் யோசித்தோம். தவிட்டுப் பானையைச் சுற்றித் தண்ணீர் சளசளக்கும். அது ஜிலேபி மீன் குஞ்சு, கெண்டைப்பொடி என்று அண்ணனே சொல்லிவிடுவார். வலை கட்டியிருக்கிறதே, பெரிதாக இருந்தால் மாட்டாதா என்பார்.

குஞ்சு செத்திருக்கும் என்றார்கள். நீர்க்காகம் தின்றிருக்கும் என்றார்கள். பிறகு தங்கம்மாள் மார்க்கெட்டில் கேட்ட ஒரு பேச்சைச் சொன்னார். கம்மாபுரம் பக்கம் யாரோ பைக்கில் அரைக்கிலோ ரோகு கொண்டுவந்து விற்கிறார்களாம். யார் மீன், எந்த ஏரி, ஒன்றும் தெரியாது. அவர் சும்மா சொன்னதுதான். ஆனால் அண்ணனின் சந்தேகம் அன்றைக்கே பாவாடைமேல் விழுந்தது.

"அண்ணா, பாவாடை அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்றேன்.

"கரையில அவனத் தவிர வேற யாரு இருக்குறா?"

"ஒரு வார்த்த கேட்டுட்டாவது..."

"கேட்டா சொல்லிடுவானா?"

அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் பாவாடையும் கத்தியிருப்பான், இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பிறகு டீ குடித்திருப்பார்கள். இவர் கொட்டகை வாசலில் நின்று கையை மட்டும் நீட்டினார்.

"சாவிய குடுத்துடு பாவாடை. இனிமே நானே பாத்துக்கறேன்."

பாவாடை அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தான். பாயைச் சுருட்டிக்கொண்டு கரையிலேயே நடந்து போனான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காததையே அண்ணன் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணனே கொட்டகையில் தங்கினார். காவல் காத்தும் கூடை நிறையவில்லை. ராத்திரிக் காற்றும் சேற்று ஈரமும் சேர்ந்து இருமல் திரும்ப எட்டிப் பார்த்தது. வைகாசி பிறந்தது. ஊரில் தண்டோரா போட்டாகிவிட்டது, நாள் குறித்தாகிவிட்டது.

திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம் நான் அவர் வீட்டில் இருந்தேன். ஆமை ஒன்று வலையைக் கிழித்திருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். கிழிந்த இடத்தில் முடிச்சுப் போட எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பார்க்க, மகள் ஜோஸ்பினின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து ஒரு கண்ணில் வைத்தார்.

"ஏங்க, இது தொண்ணூறு காட்டுது."

"பிளாஸ்டிக்கு. வெயில்ல வெச்சி வளைஞ்சிருக்கும்" என்றார் அண்ணன், கட்டிலில் படுத்தபடியே.

"வளைஞ்சா பத்து மில்லியா கூடும்?"

அவர் எழுந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து பித்தளை ஸ்கேலை எடுத்தார். பிளாஸ்டிக் ஸ்கேலுக்குப் பக்கத்தில், முனைக்கு முனை சேர்த்துத் தரையில் வைத்தார். அண்ணி குனிந்து பார்த்தார். பித்தளையில் எட்டு இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கில் ஒன்பது இருந்தது. அண்ணியும் அந்தக் கம்பெனியில் இருந்தவர்தானே, அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"இது அச்சு ஸ்கேலு" என்றார் அண்ணி. "இதாலயா வலைய அளந்தீங்க?"

அண்ணன் பித்தளை ஸ்கேலைக் கையில் எடுத்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் கைக்கு அது ஒன்றுதான் ஸ்கேல். அதை வைத்து அளந்ததெல்லாம் சூளைக்குள் போய்ச் சரியாகி வந்திருக்கிறது. வலை சூளைக்குள் போகாது என்று அந்தக் கைக்கு யார் சொல்வது? அவர் வலையின் ஒரு கண்ணை எடுத்து விரலை விட்டுப் பார்த்தார், விட்டு எடுத்தார், மறுபடியும் விட்டார்.

"மீனு இருக்குது மாணிக்கம்" என்றார். "அத்தனையும் உள்ளதான் இருக்குது. வலைக்குள்ள பூந்து பூந்து போயிருக்குது."

பிறகு, "பாவாடை" என்றார்.

கடலூருக்கு ஓடலாம் என்றேன். வலை வாங்கி வந்தாலும் மிதவையும் குண்டும் கட்ட இரண்டு நாள் வேண்டும். அதனால் ஊருக்கு ஓடினோம். கொளஞ்சிநாதன் வீட்டு வாசலில் நாலைந்து பிள்ளைகள் புதுத் துணியில் விளையாடிக்கொண்டிருந்தன. உள்ளே பெண்கள் சத்தம். அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்கேலை எடுத்துக் காட்டினார். இன்னும் ஒரு வாரம் மட்டும் கேட்டார். கேட்கும்போது இருமல் வந்து வார்த்தையை வெட்டியது.

கொளஞ்சிநாதன் முழுதும் கேட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

"நீங்க சொல்றது புரியுதுங்க. வயிறு எரியுது. ஆனா நான் இன்னா பண்ணட்டும்? எம்பொண்ணு இளமதி திருப்பூர்லேர்ந்து வந்திருக்குது, நாளைக்கு சாயங்காலம் பஸ்ஸு. மில்லுல லீவு குடுக்க மாட்டங்கறாங்க. ஊருல பாதி வூட்ல இதே கததான். யாருகிட்ட போயி நான் அடுத்த வாரம்னு சொல்லுவேன்?"

"ரெண்டு நாளு?" என்றார் அண்ணன்.

கொளஞ்சிநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முடியாது என்று தலையை அசைத்தார். காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே குரல் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் நான் அவரை வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. கரைமேல் போய் உட்கார்ந்தார், அண்ணியும் கொஞ்சம் தள்ளி நின்றார். மேளம் கொட்டியது. ஊரே தண்ணீரில் இறங்கியது. இடுப்பளவு தண்ணீரில் மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பிடித்தார்கள், கொசுவலையை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள், பெண்கள் புடவைத் தலைப்பில் பிடித்தார்கள். சேறு கலங்கியதும் மீனெல்லாம் மூச்சுக்கு மேலே வந்துவிட்டது. எல்லாம் அரைக்கிலோ. ஒன்றைப் போல ஒன்று, ஒரே அச்சில் வார்த்த மாதிரி. பிள்ளைகள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கரை ஏறின. ஒரு பெண் பிடித்ததை வைக்க இடமில்லாமல் குழந்தையின் தூளிப் புடவையை அவிழ்த்து மூட்டை கட்டினாள். இவ்வளவு மீனை நான் மார்க்கெட்டிலும் பார்த்ததில்லை.

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். ஒரு பெரியம்மா நின்று, "நீங்க உட்ட மீனா சாமி? எந்த வருஷமும் இப்புடி கெடைச்சதில்ல. நல்லா இருப்பீங்க. அடுத்த வருஷமும் நீங்களே எடுங்க" என்றார். அண்ணன் சரிங்கம்மா என்றார்.

பாவாடை வந்திருந்தான். தண்ணீருக்குள் இறங்கியும் இருந்தான். கரை ஏறி, ஈரத்துண்டில் இரண்டு ரோகுவைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தான். நான் எழுந்தேன், சண்டை வந்தால் விலக்க வேண்டுமே என்று.

அவன் துண்டை அண்ணன் மடிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க. அண்ணி ஒரு மீனும் புடிக்காம கரையில நிக்கிறாங்க, பாக்க நல்லா இல்ல."

"பாவாடை, நான்..." என்று அண்ணன் ஆரம்பித்தார். இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது அவன் மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தான். மீனில் ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது, துண்டுக்குள் வாலை அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதன்மேல் கையை வைத்தார், எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்குப் பெட்டி ஏற்றப் போனேன். தீபாவளி விளக்கு ஆர்டர் வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அச்சு அறையை எட்டிப் பார்த்தேன். பால்சாமி அண்ணன் மூக்கைச் சுற்றி அண்ணியின் பழைய புடவைத் துணியைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தார். துணி அதற்குள் வெள்ளையாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். ஏதோ சொல்லத் துணியை இறக்கினார், இருமல் பிடித்துக்கொண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு வளைந்து இருமினார். நான் போய் முதுகைத் தடவினேன். சட்டைக்குள் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்க முடியவில்லை. வெளியே லோடு ஏற்றியாகிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். அவர் போ என்று கையைக் காட்டினார். இருமிக்கொண்டே இருந்தார். நான் போனேன்.